கரையேறிய படகின் 61 நாட்கள்

சித்திரை முதல் நாள் நள்ளிரவோடு தமிழகத்தின் கிழக்குக் கடலில் விசைப்படகுத் தொழில் நிற்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, திருவள்ளூர் தொடங்கிக் கன்னியாகுமரி வரைக்கும், 61 நாட்களுக்கு விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக் கூடாது. 2001இல் 45 நாளாகத் தொடங்கிய தடைக்காலம் பின்னர் 61 நாளாக நீண்டது. குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் இது ஜூன், ஜூலை மாதங்களில் வரும். மீன் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று ஒதுக்கிய காலம் இது.

அதே 61 நாட்கள்தாம் படகுக்கும் ஆண்டில் கிடைக்கும் ஒரே ஓய்வு. காசிமேட்டிலும் நாகப்பட்டினத்திலும் ராமேஸ்வரத்திலும் தூத்துக்குடியிலும் அந்த இரண்டு மாதம் துறைமுகமே பட்டறையாகிவிடுகிறது. கரையேற்றிய படகின் அடிவயிற்றைச் சுரண்டுகிறவர், பலகை மாற்றும் ஆசாரி, வெல்டர், பெயின்டர், இன்ஜினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கும் மெக்கானிக் என்று கடலுக்குப் போகாத ஒரு பெரிய கூட்டம் அப்போதுதான் வெளியே தெரிகிறது. ஜூன் நடுவில் கடலுக்குப் போகிறவர்கள் உயிரோடு திரும்புவதில் இவர்கள் கைவேலைக்குப் பெரிய பங்கு உண்டு. படகு வாங்க மானியம் இருக்கிறது, டீசலுக்கு வரிவிலக்கு இருக்கிறது. படகைப் பழுதின்றி வைத்திருக்கும் வேலைக்குக் கிடைக்கும் கவனமோ மிகக் குறைவு. டீசல் படகு என்றால் என்ன, அதை வைத்திருப்பவர் எதற்கெல்லாம் பொறுப்பு என்று தெரிந்துகொண்டால் இந்தக் குறை எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

நெருப்பில்லாமல் பற்றும் எண்ணெய்

ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மன் பொறியாளர் 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் தம் இன்ஜினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். பெட்ரோல் இன்ஜினில் எரிபொருளைப் பற்றவைக்க மின்பொறி வேண்டும். டீசல் இன்ஜினில் அது கிடையாது. சிலிண்டருக்குள் இழுத்த காற்றைப் பிஸ்டன் பதினைந்து, இருபது மடங்கு நெருக்கும்போது காற்றின் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அந்தச் சூட்டில் நுண்துளிகளாகத் தெளித்த டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது.

கடலுக்கு இது பெரிய வரம். உப்புக் காற்றும் ஈரமும் முதலில் கெடுப்பது மின்சார இணைப்புகளைத்தான். மின்பொறியை நம்பாத இன்ஜின், ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால், பாட்டரி செத்தாலும் பழைய வகை எரிபொருள் பம்ப் இருக்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். படகின் இன்ஜின் அறை கீழே, மூடிய வயிற்றுக்குள் இருப்பது. பெட்ரோல் கசிந்தால் அதன் ஆவி அங்கே தேங்கி ஒரு சிறு பொறிக்கே வெடிக்கும். டீசல் அவ்வளவு எளிதில் ஆவியாவதில்லை. குறைந்த சுற்றிலேயே மிகுந்த முறுக்குவிசை கொடுப்பதால் பெரிய புரொப்பெல்லரை மெதுவாகச் சுற்றவும் அது ஏற்றது.

1912இல் கோபன்ஹேகனில் கட்டிய 'செலாண்டியா' என்ற கப்பல் டீசல் இன்ஜினோடு பாங்காக் வரை போய், பெருங்கடலுக்கு இந்த இன்ஜின் போதும் என்று உலகுக்குக் காட்டியது. மறு ஆண்டு செப்டம்பர் 29 இரவு, ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் நீராவிக் கப்பலில் பயணம் செய்த ருடால்ஃப் டீசல் காணாமல் போனார். பின்னர் அவர் உடல்தான் கடலில் கிடைத்தது.

நம் பக்கத்துக் கரைகளில் பெரிய மாற்றம் ஐம்பதுகளில் வந்தது. 1952இல் கையெழுத்தான இந்திய-நார்வே ஒப்பந்தப்படி கொல்லம் அருகே நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதியில் இன்ஜின் பொருத்திய சிறு மீன்பிடி படகுகள் அறிமுகமாயின. பாயும் துடுப்புமாக இருந்த தமிழகக் கரைக்கும் அந்த அலை விரைவில் வந்து சேர்ந்தது. இறால் ஏற்றுமதிப் பொருளானதும் விசைப்படகுகள் பெருகின. இன்று மாநிலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விசைப்படகுகள் இருக்கின்றன. கரைப்பேச்சில் அது 'லாஞ்ச்', அல்லது வெறும் 'போட்'. ஓட்டுகிறவர் ராமேஸ்வரத்தில் டிரைவர், தெற்கிலும் மேற்கிலும் சிராங்கு.

கடல் தின்னும் படகு

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு. டீசல் படகு உரிமையாளர் ஆண்டு முழுதும் போராடுவது இந்த உப்போடுதான்.

வெண்கலப் புரொப்பெல்லரும் எஃகுத் தண்டும் உப்புநீரில் சேர்ந்திருந்தால் அங்கே ஒரு மின்கலம் உருவாகிறது. இரண்டில் எளிதில் கரையும் உலோகம் மெல்லக் கரைந்துபோகும். அதைத் தடுக்க, அவற்றைவிட எளிதில் கரையும் துத்தநாகக் கட்டிகளைப் படகின் அடியில் வைத்து முடுக்குகிறார்கள். அரிப்பு முழுவதையும் துத்தநாகம் வாங்கிக்கொள்ளும். கரையேற்றும்போது கட்டி பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். சில நூறு ரூபாய்த் துத்தநாகத்தை மாற்றாமல் விட்டவர், பல ஆயிரம் ரூபாய்ப் புரொப்பெல்லரை மாற்ற நேரும்.

அடுத்தது பாசியும் கொட்டலசும். நீரில் நிற்கும் எந்தப் பரப்பிலும் சில வாரங்களில் வழவழப்பு படியும், அதன் மேல் கொட்டலசு ஒட்டி ஓடு கட்டும். அடிப்பகுதி சொரசொரப்பானால் படகு நீரைக் கிழித்துப் போக அதிக விசை தேவைப்படும். அதே வேகத்துக்கு டீசல் கூடுதலாகச் செலவாகும். புரொப்பெல்லரின் இதழில் ஒட்டிய கொட்டலசு இன்னும் மோசம். படகே ஆடிப்போகும் அதிர்வையும் அது கொண்டுவரும். அதனால்தான் சுரண்டி, கழுவி, உலர்த்தி, ஒட்டுயிர்களைத் தடுக்கும் பூச்சு பூசுகிறார்கள். முன்பு உலகெங்கும் பயன்பட்ட வெள்ளீயச் சேர்மப் பூச்சு கடல் நத்தைகளையும் சிப்பிகளையும் பாழாக்கியதால், சர்வதேச கடல்சார் அமைப்பின் உடன்படிக்கை 2008இல் அதைத் தடைசெய்தது. இப்போது பெரும்பாலும் செம்பு கலந்த பூச்சுகள்.

மரப்படகுக்கு வேறு பகைவனும் உண்டு. பலகையைத் துளைத்து உள்ளேயே குடியிருக்கும் கடல் புழு வெளியே ஓர் ஊசித்துளையைத்தான் காட்டும். உள்ளே பலகை சல்லடையாகியிருக்கும். கைச்சுத்தியால் தட்டிக்கொண்டே போய், சத்தம் மாறும் இடத்தில் நிற்கும் ஆசாரி அந்தப் பலகையைக் கழற்றச் சொல்வார். பலகைகளின் இடுக்கில் பஞ்சுத்திரி திணித்து அடைக்கும் கலப்பத்து வேலையும் அப்போதே நடக்கும். இங்கே காலக்கணக்கு முக்கியம். கோடை வெயிலில் மரப்படகு நெடுநாள் கரையில் கிடந்தால் பலகை சுருங்கி இடுக்கு விரியும், நீரில் இறக்கியதும் தண்ணீர் உள்ளே வரும். மரம் ஊறி உப்பும் வரை பம்ப் ஓட வேண்டும். ஆகவே அனுபவசாலிகள் 61 நாளும் படகைக் கரையில் போடுவதில்லை. வேலை முடிந்ததும் இறக்கிவிடுகிறார்கள். இழைக் கண்ணாடியும் எஃகும் வந்தபின் இந்தக் கவலை குறைந்தது. பதிலுக்கு எஃகுப் படகில் துரு, இழைக் கண்ணாடியில் அடுக்குப் பிரிதல் என்று வேறு கவலைகள் வந்தன.

இன்ஜின் அறையில்

படகு இன்ஜின் லாரி இன்ஜினின் நெருங்கிய உறவு. தமிழகக் கரைகளில் ஓடும் லேலண்ட் இன்ஜின்கள் அதற்குச் சாட்சி. குளிர்விக்கும் முறையில் மட்டும் இரண்டும் பிரிகின்றன. லாரிக்கு முன்னால் காற்று இருக்கிறது, படகுக்குக் கீழே கடல் இருக்கிறது. ஒரு பம்ப் கடல்நீரை உறிஞ்சி வெப்பமாற்றி வழியே ஓட்டும். இன்ஜினுக்குள் சுற்றும் நன்னீரின் சூட்டை வாங்கிக்கொண்டு கடல்நீர் வெளியேறும். அந்தப் பம்புக்குள் சுற்றுவது ஒரு சிறிய ரப்பர்ச் சக்கரம். அதற்கு நீரே உயவு. நீர் வரும் வாயை ஒரு பிளாஸ்டிக் பை அடைத்துக்கொண்டால் அது உலர்ந்து ஓடி, சில நிமிடங்களில் இதழ் இதழாகக் கிழியும். பிறகு இன்ஜின் கொதிக்கும். உதிரி ரப்பர்ச் சக்கரம் ஒன்றும், அதை மாற்றத் தெரிந்த ஒருவரும் எந்தப் பயணத்திலும் இருக்க வேண்டும். படகின் பின்பக்கம் குளிர்நீர் வழக்கம்போல் கொட்டுகிறதா என்று இன்ஜினை ஓட்டிய உடனே எட்டிப் பார்ப்பது நல்ல டிரைவர்களுக்குப் பழகிப்போனது.

புகையும் பேசும். கறுப்புப் புகை என்றால் இன்ஜினுக்குச் சுமை அதிகம், அல்லது காற்று போதவில்லை. அடியில் பாசி படிந்திருக்கலாம், காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், புரொப்பெல்லரில் வலை சுற்றியிருக்கலாம். நீலப்புகை என்றால் உயவு எண்ணெய் எரிகிறது, பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கும். வெள்ளைப் புகை விடாமல் வந்தால் டீசல் எரியாமல் போகிறது, அல்லது தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது. இந்த மூன்று நிறத்தையும் படிக்கத் தெரிந்தவர் பாதிப் பழுதைக் கரையை விட்டுக் கிளம்பும் முன்பே கண்டுபிடித்துவிடுவார்.

நடுக்கடலில் இன்ஜின் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் எரிபொருளில் இருக்கும் அழுக்கும் தண்ணீரும்தான். பாதி காலியான டாங்கில் பகல் சூட்டுக்கும் இரவுக் குளிருக்கும் இடையே காற்றின் ஈரம் சுவரில் துளியாகி அடியில் சேரும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் அந்தக் கோட்டில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்புக் குழம்பாகும். அமைதியான துறைமுகத்தில் அது அடியில் படுத்திருக்கும். அலையில் படகு ஆடும்போதுதான் கலங்கி வடிகட்டிக்குப் போகும். அதாவது, இன்ஜின் மிகவும் தேவைப்படும் நேரத்தில் நிற்கும். தடைக்காலத்துக்கு முன் டாங்கை நிரப்பி வைப்பது, நீர்பிரிப்பானின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடிப்பது, வடிகட்டியை மணிக்கணக்குப் பார்த்து மாற்றுவது ஆகிய மூன்றும் செலவு குறைந்த வேலைகள்.

மணிக்கணக்கு என்பது முக்கியம். படகுக்குக் கிலோமீட்டர்க் கணக்கு கிடையாது, ஓடிய மணிதான் கணக்கு. 250 மணிக்கு ஒருமுறை உயவு எண்ணெய் மாற்றச் சொல்லும் இன்ஜின் கையேடுகள் பல. வாரத்துக்கு 36 மணி ஓடும் படகு ஏழே வாரத்தில் அந்தக் கணக்கை எட்டிவிடும். கொச்சி போல்காட்டி மரீனாவில் கட்டி வைத்த தனியார் உல்லாசப் படகு ஒன்று ஆண்டில் 50 மணிகூட ஓடாமல் போகலாம். அதற்கும் ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றியே ஆக வேண்டும். எண்ணெயில் சேர்ந்த அமிலம் நிற்கும் இன்ஜினையும் அரிக்கும். உழைக்கும் படகைவிடச் சும்மா கிடக்கும் படகின் டீசல் இன்ஜின் விரைவில் பழுதாவதைப் படகு மெக்கானிக்குகள் நன்றாக அறிவார்கள்.

சுக்கான் பிடிக்கும் கை

படகுக்கு பிரேக் கிடையாது. நிறுத்த வேண்டுமானால் இன்ஜினைப் பின்னோக்கி ஓட்ட வேண்டும். ஒற்றைப் புரொப்பெல்லர் உள்ள படகு அப்படிச் செய்யும்போது நேராகப் பின்வாங்காது. முன்னோட்டத்தில் வலப்பக்கம் சுற்றும் புரொப்பெல்லராக இருந்தால், பின்னோட்டத்தில் படகின் பின்புறம் இடப்பக்கம் இழுக்கும். இது தெரியாதவர் எதிர்த்துப் போராடுவார். தெரிந்தவர் படகின் இடப்பக்கம் கரையை ஒட்டும்படி சாய்வாக வந்து, கடைசியில் ஒரு சிறு பின்னோட்டம் கொடுத்து, அந்த இழுப்பாலேயே பின்புறத்தைத் துறைச்சுவரோடு சேர்ப்பார். சுக்கான் வேலை செய்ய அதன் மேல் நீர் பாய வேண்டும். வேகம் செத்த படகில் சுக்கானைத் திருப்பிப் பயனில்லை. ஒரு கணம் இன்ஜினை முன்னோக்கி முடுக்கினால் புரொப்பெல்லர் தள்ளும் நீர் சுக்கானில் மோதி, படகு நகராமலே மூக்கைத் திருப்பும்.

காற்றும் நீரோட்டமும் எந்தப் பக்கம் என்று பார்த்த பிறகே கரை பிடிக்க வேண்டும். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்கு நான்கு பெயர் வைத்திருக்கும் கரைக்காரர்கள் அதை எதிர்கொண்டே துறைக்குள் வருவார்கள். எதிர்க்காற்று படகைத் தானே மெதுவாக்கும். பின்காற்று தள்ளிக்கொண்டு போய்ச் சுவரில் மோதவைக்கும்.

கடினமான இடம் துறைமுக வாய். குமரி மாவட்டம் தேங்காய்ப்பட்டணத்திலும் கேரளத்தின் முதலப்பொழியிலும் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து அலை உடைவதால் படகுகள் கவிழ்ந்து பலர் இறந்திருக்கிறார்கள். பின்னாலிருந்து வரும் அலை படகின் பின்புறத்தைத் தூக்கும்போது சுக்கான் பிடி இழக்கிறது. அந்த நொடியில் படகு பக்கவாட்டில் திரும்பினால் அடுத்த அலை கவிழ்த்துவிடும். அலையின் முதுகிலேயே இருந்துகொண்டு, அதை முந்தாமல், அடுத்த அலைக்கும் அகப்படாமல், இன்ஜின் வேகத்தை விரலால் கூட்டியும் குறைத்தும் உள்ளே வருவது பெரிய திறமை. அங்கே இன்ஜின் அரை நிமிடம் நின்றாலும் அந்தத் திறமையால் பயனில்லை.

கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் போகும் பயணிகளும் இதே வேலையை நாள்தோறும் பார்க்கிறார்கள், கவனித்திருக்க மாட்டார்கள். பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் 1984 முதல் அங்கே படகு விடுகிறது. பொதிகை, குகன், விவேகானந்தா என்ற பெயர்கள் தமிழகம் முழுதும் பழக்கமானவை. முக்கடல் அலை மோதும் இடத்தில், நூற்றைம்பது பேர் அளவுக்கு ஏற்றிக்கொண்டு, பாறைகளுக்கு நடுவே ஒரு சிறு துறையை ஒட்டி நிறுத்த வேண்டும். கடல் நீர்மட்டம் தாழும் நாட்களில் அடிப்பகுதி பாறையில் தட்டும் என்பதால் சேவையை நிறுத்திவிடுகிறார்கள். பயணிகள் சலித்துக்கொள்வார்கள், ஆனால் அது சரியான முடிவு. இந்தப் படகுகளையும் முறை வைத்துச் சின்னமுட்டம் துறைமுகத்தில் கரையேற்றிப் பழுது பார்க்கிறார்கள்.

டீசல் கணக்கு

நீரை ஒதுக்கிக்கொண்டு போகும் படகுக்கு ஒரு வேக எல்லை இயற்கையிலேயே உண்டு. நீர்க்கோட்டில் 15 மீட்டர் நீளமுள்ள படகுக்கு அது ஏறத்தாழ 9 நாட், அதாவது மணிக்கு 17 கிலோமீட்டர். அதற்கு மேல் எவ்வளவு முடுக்கினாலும் படகு தான் எழுப்பிய அலையிலேயே ஏற முயலும். டீசல் கரையும், வேகம் கூடாது.

அந்த எல்லைக்குள்ளும் வேகம் கூடக்கூடத் தேவைப்படும் திறன் மும்மடிக் கணக்கில் ஏறும். 100 குதிரைத்திறன் இன்ஜின் முழு வேகத்தில் மணிக்கு ஏறத்தாழ 20 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து மணிப் பயணத்துக்கு 200 லிட்டர். வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் தேவைப்படும் திறன் பாதியாகிவிடும், மணிக்கு 10 லிட்டர் சொச்சம் போதும். பயணம் பன்னிரண்டரை மணியாக நீளும், மொத்தச் செலவு 130 லிட்டருக்குள் முடியும். டீசல் லிட்டர் 90 ரூபாய் என்றால் ஒரே பயணத்தில் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். போட்டி போட்டுக்கொண்டு பெரிய இன்ஜின்களை இறக்குவது தொழிலுக்கும் கடலுக்கும் கேடு என்று மீனவர்களுக்குள்ளேயே சண்டை மூண்ட பிறகுதான், தமிழக விதிகள் இன்ஜின் திறனுக்கு 240 குதிரைத்திறன் என்று உச்சவரம்பு வைத்தன.

விற்பனை வரி இல்லாத டீசல் ஒரு விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டர் கிடைத்துவந்தது. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டை ஒட்டி அந்த அளவு உயர்ந்தது. தடைக்கால நிவாரணமும் குடும்பத்துக்கு 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயானது. இரண்டும் தேவையான உதவிகள். ஆனால் கரையேற்றும் கூலி, பூச்சு, பலகை, உதிரிபாகம், மெக்கானிக் கூலி எல்லாம் வருமானமில்லாத அந்த இரண்டு மாதத்தில்தான் வருகின்றன. கடன் வாங்கித்தான் பெரும்பாலானோர் சமாளிக்கிறார்கள். கையில் பணம் குறைந்தால் முதலில் தள்ளிப்போவது கண்ணுக்குத் தெரியாத வேலைகள். பெயின்ட் பளபளக்கும், அடியில் துத்தநாகம் பழையதாகவே இருக்கும்.

தில்லியில் எழுதும் விதிகள்

ஆறும் ஏரியும் காயலும் கடலும் எதுவானாலும், இந்தியாவில் இன்ஜின் படகு வைத்திருப்பவர் பின்பற்ற வேண்டிய சட்டங்கள் பலவும் தில்லி நாடாளுமன்றத்தில் பிறந்தவை.

1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கி 2021இல் வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம் ஆறு, காயல் படகுகளுக்கானது. பதிவு, பாதுகாப்புச் சோதனை, ஓட்டுநரின் தகுதிச் சான்று, காப்பீடு ஆகியவற்றை அது கட்டாயமாக்கியது. ஒரு மாநிலத்தில் பதிந்த படகு வேறு மாநிலத்தில் மீண்டும் பதிய வேண்டியதில்லை. கடல் மீன்பிடி படகுகளுக்கு வேறு விதிகள், அவற்றோடு 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமும் உண்டு. ராமேஸ்வரம் படகுகளின் பக்கவாட்டில் 'ஐஎன்டி-டிஎன்-10-எம்எம்' என்று தொடங்கும் எண் அந்தப் பதிவின் அடையாளம்.

சோதனைச் சான்று வெறும் காகிதமில்லை என்பதற்கு 2023 மே 7 சான்று. கேரளத்தின் தானூரில் மீன்பிடி படகை மாற்றியமைத்த இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு, அனுமதிக்கு மேற்பட்டவர்களோடு இருட்டும் நேரத்தில் கிளம்பிக் கவிழ்ந்தது. 22 பேர் இறந்தனர், அவர்களில் குழந்தைகள் பலர். மீன்பிடி படகின் எடை கீழே, மீன் அறையில் இருக்கும்படி அமைந்தது. அதன் தலையில் ஒரு தளம் கட்டி மனிதர்களை ஏற்றினால் எடையின் மையம் மேலே போய்விடும். சிறு சாய்விலிருந்தும் படகு மீளாது.

தில்லிக்கும் படகு வரப்போகிறது. யமுனை, 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி 110ஆம் எண் தேசிய நீர்வழி. சோனியா விஹாருக்கும் ஜகத்பூருக்கும் இடையே ஏறத்தாழ 4 கிலோமீட்டர் பயணப் படகு விட 2025 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. மின்சாரமும் சூரிய ஒளியும் சேர்ந்து ஓட்டும் படகுகள் அங்கே திட்டமிடப்பட்டிருக்கின்றன. குறுகிய, நிச்சயமான பாதைக்கு அது பொருத்தமான தேர்வு. கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 75 பேர் போகும் 'ஆதித்யா' என்ற சூரியசக்திப் படகு 2017 முதல் டீசல் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

பாக் நீரிணைக்கோ தேங்காய்ப்பட்டணத்து ஆழ்கடல் தொழிலுக்கோ இப்போதைக்கு அது எட்டாது. மேலே சொன்ன பத்து மணிப் பயணத்துக்கான 200 லிட்டர் டீசலின் எடை 170 கிலோ. அதே உழைப்பைத் தர ஏறத்தாழ 5 டன் லித்தியம் பாட்டரி வேண்டும். வாரக்கணக்கில் கடலில் தங்கும் படகுக்கு அந்தக் கணக்கு இன்னும் பல மடங்கு.

இன்ஜின் நின்றால்

ராமேஸ்வரத்திலிருந்து சில மணி நேர ஓட்டத்திலேயே 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த சர்வதேசக் கடல் எல்லை வந்துவிடும். இன்ஜின் நின்ற படகை நீரோட்டமும் காற்றும் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் கொண்டுபோகும், கோடு பார்த்து நிற்காது. இன்ஜின் பழுதாகி எல்லைக்கு அப்பால் ஒதுங்கிக் கைதான மீனவர்களின் செய்தி அடிக்கடி வருகிறது. மீனவர் சில மாதங்களில் விடுதலையாகலாம், படகு பெரும்பாலும் திரும்புவதில்லை. 2022 பிப்ரவரியில் இலங்கை அரசு நூற்றுக்கும் மேற்பட்ட தமிழகப் படகுகளை ஏலம் விட்டது. அவற்றில் பல, கேட்பாரற்று ஆண்டுக்கணக்கில் அங்கே கரையில் கிடந்து உளுத்தவை.

புயலிலும் இன்ஜின்தான் உயிர். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி வந்தபோது குமரிப் படகுகள் கரையிலிருந்து வெகுதூரம் போயிருந்தன. அத்தகைய கடலில் படகின் மூக்கை அலைக்கு நேரே பிடித்துவைக்க ஓடும் இன்ஜின் வேண்டும். நின்றால் படகு பக்கவாட்டில் கிடந்து அடிவாங்கும். ஒக்கிக்குப் பின் தகவல்தொடர்பில் முன்னேற்றம் வந்தது. இஸ்ரோ வடிவமைத்த செயற்கைக்கோள் கருவிகள் விசைப்படகுகளில் ஏறின. ஆபத்தில் அழைக்கக் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணும், வானொலியில் 16ஆம் அலைவரிசையும் உள்ளன. இவை ஆபத்து வந்த பிறகு உதவுபவை.

வரும் முன் தடுக்கும் வேலைக்கு மூன்று தேவைகள் உடனடியானவை. முதலாவது, கரையேற்றும் தளங்கள். நூற்றுக்கணக்கில் படகு நிற்கும் துறையில் ஒன்றிரண்டு தளம் இருந்தால் 61 நாளில் எல்லாருக்கும் முறை வராது. இரண்டாவது, தடைக்கால நிவாரணத்தோடு பராமரிப்புக்கென்று தனியே வட்டி குறைந்த கடன். இன்ஜினும் அடிப்பகுதியும் சோதித்த சான்றைக் காட்டிப் பெறுவதாக அது இருக்கலாம். மூன்றாவது, பயிற்சி. கொச்சியில் 1963இல் தொடங்கி, சென்னையிலும் கிளை வைத்திருக்கும் மத்திய மீன்வளக் கடல்சார் பொறியியல் பயிற்சி நிறுவனமும், நாகப்பட்டினத்தில் 2012இல் வந்த மீன்வளப் பல்கலைக்கழகமும் அருகிலேயே இருக்கின்றன. தடைக்காலத்தில் கையில் நேரம் இருக்கும் டிரைவர்களுக்கும் இளைஞர்களுக்கும் துறைமுகத்திலேயே வந்து பத்து நாள் இன்ஜின் வகுப்பு நடத்த அவற்றால் முடியும். வடிகட்டி மாற்ற, டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற, பம்பின் ரப்பர்ச் சக்கரத்தைக் கழற்றி மாட்ட ஒரு படகுக்கு இருவர் கற்றுக்கொண்டால், கடலில் நின்றுபோகும் இன்ஜின்களில் பெரும்பகுதியை அங்கேயே ஓட்டிவிடலாம்.